பழப்பாகு

பழச்சாற்றில் சர்க்கரையைக் கரைத்து, ஊற்றினால் ஓடும் அளவுக்குக் கெட்டியாக்கி வைக்கும் இனிப்பு நீர்மம் பழப்பாகு. தண்ணீரோ சோடாவோ சேர்த்தால் சர்பத்தாகும். பான்கேக், ரொட்டி, ஆப்பம் ஆகியவற்றின் மேல் ஊற்றிக்கொள்ளவும், ஐஸ்கிரீம், ஃபலூடா, கேக் போன்றவற்றுக்குச் சுவையூட்டவும் பயன்படுகிறது. ஜாமில் பழச்சதை இருக்கும். ஜெல்லி உறைந்து நிற்கும். பாகில் சதையும் இல்லை, உறைவும் இல்லை. பழம் மலிந்து கிடக்கும் பருவத்தில் செய்து வைத்தால் அதன் மணமும் நிறமும் மாதக்கணக்கில் கைவசம் இருக்கும்.

பழப்பாகின் பக்குவம் சர்க்கரைச் செறிவில் இருக்கிறது. எடையில் நூற்றுக்கு 65 பங்கு கரைபொருள் உள்ள பாகில், நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் மிகவும் குறைந்துவிடும். பெரும்பாலான பாக்டீரியாக்களும் பல ஈஸ்ட் வகைகளும் அதில் வளர்வதில்லை. செறிவு குறையக் குறையப் பாகு புளித்து நுரைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதற்காகச் சர்க்கரையை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. அறை வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைத்தான் கரைத்து வைத்திருக்கும். செறிவாகச் சொன்னால் 67 விழுக்காடு. அதைத் தாண்டிய பாகு, ஆறிய பிறகு பாட்டிலின் அடியில் கற்கண்டாகப் படியும். கெடாமலும் படியாமலும் நிற்கும் இடைவெளி அவ்வளவு குறுகியது. அமிலம் அதைச் சற்று அகலப்படுத்துகிறது. சூட்டில் அமிலம் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கிறது. இந்தக் கலவை எளிதில் படிகமாவதில்லை. லட்டுப் பாகிலும் குலாப்ஜாமூன் பாகிலும் சில துளி எலுமிச்சைச் சாறு விடும் வழக்கத்துக்கு இதுவே காரணம்.

கடைச் சரக்குக்கு இந்திய உணவுத் தர விதிகள் வகுத்துள்ள வரையறையும் இதை ஒட்டியே அமைந்திருக்கிறது. பழப்பாகு என்ற பெயரில் விற்பதில் குறைந்தது 25 விழுக்காடு பழச்சாறும் 65 விழுக்காடு கரைபொருளும் இருக்க வேண்டும். ஸ்குவாஷுக்குக் கரைபொருள் 40 விழுக்காடும், கிரஷுக்கு 55 விழுக்காடும் போதும்.

சாற்றைச் சுண்டவைத்துச் சேமிக்கும் முறை சர்க்கரைக்கும் முந்தியது. பண்டைய ரோமானியர்கள் திராட்சைச் சாற்றை மூன்றில் ஒரு பங்காக வற்றவைத்து ‘சாப்பா’ என்ற பாகு செய்தார்கள். அதைக் காய்ச்ச ஈயப் பாத்திரமே ஏற்றது என்று எழுதியும் வைத்தார்கள். சாற்றின் அமிலம் ஈயத்தைக் கரைத்துப் பாகை நச்சாக்கியது. துருக்கியில் திராட்சைப் பாகான பெக்மெஸ் இன்றும் அன்றாட உணவு. எள் விழுதோடு குழைத்துக் காலையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். காய்ச்சுவதற்கு முன் சுண்ணச்சத்துள்ள வெள்ளை மண்ணைச் சாற்றில் கலந்து, புளிப்பை முறித்துத் தெளியவைப்பது அங்குள்ள வழக்கம். சித்த மருத்துவத்தில் மணப்பாகு தனி மருந்து வகையாகவே இருக்கிறது. சாற்றையோ குடிநீரையோ சர்க்கரையோடு காய்ச்சி, மணம் வரும் பதத்தில் இறக்குவார்கள். மாதுளை மணப்பாகு இவற்றுள் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆசிரமத்தின் நெல்லி ரசமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சு இறக்குமதி அருகியபோது, பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் வேலியோரக் காட்டு ரோஜாக் காய்களைப் பறித்துக் கொடுத்தார்கள். 1941 முதல் அவற்றிலிருந்து எடுத்த பாகு, குழந்தைகளின் வைட்டமின் சி தேவைக்காக நாடெங்கும் வழங்கப்பட்டது.

புளிப்பும் மணமும் நிறமும் ஒருங்கே உள்ள பழங்கள் பாகுக்கு உகந்தவை: எலுமிச்சை, திராட்சை, மாதுளை, நாவல், அன்னாசி, பேஷன்ஃப்ரூட். பப்பாளி, தர்ப்பூசணி, வாழை போன்றவற்றில் புளிப்பு போதாது; எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்த்தால்தான் சுவையும் நிற்கும், பாதுகாப்பும் கிடைக்கும். கொய்யா, விளாம்பழம் ஆகியவற்றில் பெக்டின் அதிகம். சர்க்கரை 60 விழுக்காட்டைத் தாண்டி, புளிப்பும் சேர்ந்துவிட்டால், பாகாக வேண்டியது பாட்டிலுக்குள்ளேயே ஜெல்லியாக உறைந்துவிடும். இத்தகைய பழங்களைச் செறிவு குறைந்த ஸ்குவாஷாகச் செய்து குளிர்பெட்டியில் வைப்பதே நல்லது. பாத்திரம் எவர்சில்வராகவோ எனாமல் பூசியதாகவோ இருக்க வேண்டும். அலுமினியமும் வெள்ளீயம் பூசாத பித்தளையும் புளிப்பில் கரையும். இரும்பு பட்டால் திராட்சையின் நிறம் கறுத்துவிடும்.

செய்முறைக்குத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சையில் நிறம் முழுவதும் தோலில்தான் இருக்கிறது. பச்சையாகப் பிழிந்தால் வெளிறிய சாறுதான் வரும். காம்பு நீக்கிக் கழுவிய பழத்தைச் சிறிது தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, கொதிக்கவிடாமல் இளந்தீயில் பத்து நிமிடம் வைத்தால் தோல் வெடித்துக் கருஞ்சிவப்பு சதைக்குள் இறங்கும். மத்தால் மெல்ல நசுக்கலாம். மிக்சியில் அடித்தால் விதை உடைந்து துவர்ப்பும் கசப்பும் ஏறும். மெல்லிய பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, சாறு தானாகச் சொட்டும்வரை பொறுத்திருந்தால் தெளிவான பாகு கிடைக்கும். துணியை முறுக்கிப் பிழிந்தால் சாறு கூடும், கலங்கலும் கூடும்.

வடித்த சாற்றை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைப்பது பலர் விட்டுவிடும் படி. திராட்சையின் டார்டாரிக் அமிலம் குளிரில் பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகி, அடியில் மணல்போலப் படியும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொண்டால் பாகில் பின்னர் நறநறப்பு வராது. பிறகுதான் சர்க்கரை. இயல்பாகவே 15 விழுக்காடு அளவு இனிப்பு உள்ள சாறு ஒரு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை சேர்த்தால் செறிவு 65-ஐ எட்டும். பல வீடுகளில் சாறும் சர்க்கரையும் சம எடையாகச் சேர்ப்பதுண்டு. அதில் செறிவு 58-க்குள்தான் நிற்கும். குறைவதை ஈடுகட்ட நெடுநேரம் காய்ச்சினால் திராட்சை மணம் போய் வெந்த வாடை வந்துவிடும். சர்க்கரையைக் கூட்டிச் சூட்டைக் குறைப்பது, அல்லது இனிப்பு குறைவாகவே இருக்கட்டும் என்று குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்ப்பது, இந்த இரண்டும் காய்ச்சிச் சுண்டவைப்பதைவிட மேல். சர்க்கரை கரைந்ததும் நுரையை எடுத்துவிட்டு, 85 டிகிரி செல்சியஸ் வந்தவுடன் இறக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் ஊதா சாயல் மறைந்து சிவப்பு பளிச்சென்று தெரியும்.

எலுமிச்சைக்கு இந்த முறை உதவாது. அதன் சாறு சூட்டில் புது மணத்தை இழக்கும். விதையும் வெள்ளைத் தோலும் நசுங்கியிருந்தால் சிறிது நேரத்தில் கசக்கத் தொடங்கும். அதனால் சர்க்கரைப் பாகைத் தனியே காய்ச்சிக்கொள்ள வேண்டும். அரை லிட்டர் தண்ணீரில் 2 கிலோ சர்க்கரையைக் கொதிக்கவைத்து முழுதும் கரைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், விதை நீக்கி வடிகட்டிய 600 மில்லிலிட்டர் சாற்றை ஊற்றிக் கலந்தால் சரியான செறிவு வரும்.

அடுப்பே இல்லாமலும் பாகு எடுக்கலாம். கொங்கண் கரையில் கோகம் பழத்தின் தோலைச் சர்க்கரையோடு அடுக்கடுக்காக ஜாடியில் நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, சில நாட்கள் வெயிலில் வைக்கிறார்கள். சர்க்கரை தோலிலிருந்து சாற்றை இழுத்துத் தானும் அதில் கரைந்து, செக்கச் சிவந்த பாகாகிவிடுகிறது. வெந்த வாடை துளியும் இல்லாத இந்தப் பாகின் மணம் காய்ச்சியதில் கிடைப்பதில்லை.

கொதிக்கவைத்துச் சுண்டக் காய்ச்சும் பாகில் பதம் பார்க்க வெப்பமானியே நம்பகமானது. கடல்மட்டத்தில் 104 டிகிரி காட்டினால் செறிவு ஏறத்தாழ 65. தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு மேல் 4 டிகிரி என்பதே இதன் கணக்கு. எனவே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் உதகையில் 97-இல் இறக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் விரலால் தொட்டுப் பார்க்கலாம். பிசுபிசுத்து, கம்பி இழுக்கத் தொடங்கி உடனே அறுந்துபோனால் அதுவே பதம். நிலையான கம்பி வந்துவிட்டால் அதிகம். சூட்டில் நீர்த்துத் தெரியும் பாகு ஆறியதும் கெட்டிப்படும் என்பதை மனதில் வைத்தே இறக்க வேண்டும்.

கண்ணாடி பாட்டில்களையும் மூடிகளையும் 10 நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, சூடு குறையுமுன் சூடான பாகை ஊற்றி மூடி, இரண்டு மூன்று நிமிடம் கவிழ்த்து வைத்தால் மூடியின் உட்புறமும் சூடாகிக் கிருமி நீங்கும். வெளிச்சம் படாத இடத்தில் நிறம் நெடுநாள் நிற்கும். திறந்த பாட்டில் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். பாகின் மேல்மட்டத்தில் நீர்த்திவலை சேர்ந்தால் அந்த இடத்தில் மட்டும் செறிவு குறைந்து பூஞ்சை பிடிக்கும். நுரை, மூடி திறக்கும்போது ‘புஸ்’ என்ற ஒலி, சாராய வாடை ஆகியவை புளித்ததற்கு அடையாளம். அத்தகைய பாகைக் கொட்டிவிட வேண்டும். விற்பனைக்குச் செய்வோர் பாதுகாப்புப் பொருள் சேர்ப்பதுண்டு. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் எலுமிச்சைக்கும் அன்னாசிக்கும் சரி. திராட்சை, நாவல் போன்றவற்றின் நிறத்தை அது வெளுத்துவிடும் என்பதால் அவற்றுக்குச் சோடியம் பென்சோயேட்.

பானத்துக்கு ஒரு பங்கு பாகுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு குளிர்ந்த நீர். ஊறிய சப்ஜா விதையும் பாதாம் பிசினும் திராட்சை, எலுமிச்சைப் பாகுகளோடு நன்றாகச் சேரும். புளிப்புப் பாகைச் சூடான பாலில் விட்டால் பால் திரியும். நன்கு குளிர்ந்த பாலில் கடைசியாக ஊற்றி உடனே பரிமாற வேண்டும். காய்ச்சாமல் செய்த அன்னாசிப் பாகு பாலோடு ஒத்துவராது, அதிலுள்ள நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும். கெட்டித் தயிர், ஓட்ஸ், பழக்கலவை ஆகியவற்றுக்கு ஒரு தேக்கரண்டி போதும். கேக்கை ஊறவைக்க, பாகில் பாதியளவு வெந்நீர் கலந்து இளக்கிக்கொள்ள வேண்டும். ஒரு குவளைக்கு 30 மில்லிலிட்டர் பாகு ஊற்றினால் அதில் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளில் இதற்கு மிகாமல் இருந்தால் கூடுதல் நன்மை என்று சொன்ன அளவும் அதுவே.