அகவிலைப்படியும் அங்காடிக் கூடையும்

ஊதியப் பட்டியலில் அகவிலைப்படி என்னும் வரியைக் கண்டு மகிழ்வதும் மனம் குமைவதும் நம் இல்லங்களில் வழக்கம். அவ்வெண் எங்கிருந்து பிறக்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. எளிய குடும்பங்கள் கடைத்தெருவில் எதை வாங்கின, எதை வாங்க இயலாமல் திரும்பின என்று அறிஞர்கள் தேடித் திரட்டிய நீண்டதொரு வரலாறு அதன் பின்னே நிற்கிறது.

1857ஆம் ஆண்டு, செர்மானியச் சாக்சனி நாட்டின் புள்ளிவிவரத் துறையில் இருந்த எர்ன்ஸ்ட் எங்கெல் என்பார், பெல்சியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார். (மார்க்சின் தோழர் எங்கெல்சு வேறு, இவர் வேறு.) வருவாய் குறையக் குறைய, அதில் உணவு விழுங்கும் பங்கு மிகும் என்பதே அவ்விதி. நம் பாட்டிமார் அறியாத செய்தி அன்று; ஆயினும் எண்களால் நிறுவிக் காட்டியவர் அவரே.

நம் நாட்டில் பம்பாய் அரசின் தொழிலாளர் அலுவலகம் 1921-22இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வரவு செலவுப் பட்டியல்களைத் திரட்டியது. பிண்ட்லே ஷிராஸ் தலைமையில் 1923இல் வெளிவந்த அறிக்கை கூறியது யாது? ஆலைத் தொழிலாளி உண்ட தானியம், பஞ்ச காலச் சட்டம் அனுமதித்த உச்ச அளவை எட்டியது. பம்பாய்ச் சிறை விதிகள் கைதிக்கு வகுத்த உணவையோ எட்டவில்லை. ஓர் அரசு அறிக்கையே இதனைச் சொல்லியது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, வரலாறு நம் நீலகிரிக்கு வருகிறது. குன்னூரில் மருத்துவர் இராபர்ட் மக்காரிசன் நடத்திய ஆய்வுக்கூடத்தில், 1920களில், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்கு ஊட்டிப் பார்த்தனர். சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுத்து வளர்ந்தன. 'மதராசி' உணவை உண்டவையோ மெலிந்து கடைசி இடத்தில் நின்றன! வடபுலத்து நண்பர்கள் காதில் இது விழாமலிருப்பது நலம். குறை அரிசியின்பாற்பட்டது மட்டும் அன்று. தவிட்டை அறவே நீக்கிவிடும் ஆலைத் தீட்டலும், பாலும் காய்கறியும் எட்டாத வறுமையுமே அந்த எலிகளை மெலிவித்தன என்பது நம் கருத்து.

1935இல் அவ்வாய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றவர் வாலஸ் அக்ராய்டு. இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை அளந்து 1937இல் அவர் வெளியிட்ட சிறுநூல் ஒன்று பின்னாளில் நம் ஊதியத்தையே தொட்டது. 1957 சூலையில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் வகுத்தபோது, அவர் பரிந்துரைத்த உணவளவையே அடிப்படையாகக் கொண்டது. துணி ஒருவருக்கு ஆண்டுக்கு 18 கஜம். எரிபொருள், விளக்கு, பிற செலவுகளுக்கு மொத்தக் கூலியில் நூற்றுக்கு 20. ஏழாவது ஊதியக் குழு குறைந்தபட்ச ஊதியத்தை 18,000 ரூபாய் என வகுத்ததும் இந்த வாய்பாட்டின் வழியேதான்.

அவ்வளவுகோலில் குடும்பம் என்பது மூன்று நுகர்வு அலகு. கணவன் 1, மனைவி 0.8, பிள்ளைகள் இருவருக்கும் தலைக்கு 0.6. விறகடுப்பில் வெந்து குடிநீர்க் குடம் சுமந்த பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தது எந்த நியாயம் என்று நாம் கேட்கலாம். முதிய பெற்றோருக்கோ அக்கணக்கில் பின்னமும் இல்லை.

அகவிலைப்படியைத் தீர்மானிப்பது தொழிலாளர்க்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண். 1958-59இல் 50 ஊர்களில் ஆலை, சுரங்க, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடம் வினவி, அவர்தம் கூடையை வகுத்து, 1960ஐ நூறாகக் கொண்டு கணித்தனர். நம்மைப் போன்ற எழுத்தர்களுக்கும் தனியே ஓர் எண் இருந்தது. அது பின்னாளில் கைவிடப்பட்டது. ஆக, தலைநகரத்து எழுத்தரின் படி உயர்வதும் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் அரிசி விலையோடு பிணைந்தது. விலை திரட்டும் ஊர்களுள் குன்னூரும் ஒன்றாக இருந்திருக்கிறது.

கூடை மாறிக்கொண்டே வந்துள்ளது. 2001ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் நூற்றுக்கு 46.2 ஆக இருந்த உணவின் பங்கு, 2016 வரிசையில் 39 அளவிற்கு இறங்கியது. அது 2020 செப்டம்பர் முதல் 88 ஊர்களில், 317 அங்காடிகளில் திரட்டிய விலைகளால் கணிக்கப்படலாயிற்று. எங்கெல் இருந்திருந்தால் நாடு வளர்ந்தது என்று மகிழ்ந்திருப்பார். வெங்காயமும் தக்காளியும் விலையேறும் மாதத்தில் குறியீட்டெண் முன்போல் துள்ளாது என்பது இதன் மறுபக்கம்; வருவாயில் பாதியை இன்னும் உணவுக்கே கொடுக்கும் வீட்டுக்கு அது இழப்பே.

ஆய்வாளரின் படிவத்தில் மற்றொரு பகுதியும் உண்டு. வரி, வட்டி இவற்றோடு, வெளியூரில் வாழும் பெற்றோர்க்கு அனுப்பும் பணமும் 'நுகர்வு அல்லாத செலவு' எனத் தனியே ஒதுக்கப்படுகிறது. குறியீட்டெண்ணில் அதற்குப் பங்கில்லை. அஞ்சலகப் பணவிடையாக அன்றும் வங்கி வழியாக இன்றும் நாம் ஊருக்கு அனுப்புவது இத்தொகையே. அங்கு அது அரிசியாகவும் மருந்தாகவும் மாறுகிறது. மருந்தின் விலை ஏறும்போது அனுப்பும் தொகையையும் நாம் ஏற்றியே ஆக வேண்டியிருக்கிறது.