தொகை, திரட்டு, முறை, பாடாந்தரம்: படைப்புத் தொகுதியைக் குறிக்கும் சொற்களும் அவற்றின் வழக்கும்

முன்னுரை

ஒரு புலவர் மரபுக்கோ கலைமரபுக்கோ உரிய படைப்புகளின் முழுமையைச் சுட்ட இன்று ‘தொகுப்பு’ என்னும் ஒரு சொல்லே பெரிதும் ஆளப்படுகிறது. பழந்தமிழ் வழக்கில் இப்பொருட்பரப்பில் பல சொற்கள் வழங்கின. அவை ஒருபொருட் பன்மொழிகள் போலத் தோன்றினும், தொகுதி உருவான முறையை வெவ்வேறாக உணர்த்துவன. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொகை

‘தொகு’ என்னும் வினை, கூட்டுதல், சுருக்குதல் ஆகிய இரு பொருளும் தரும். இலக்கணத்தில் உருபு மறைந்து நிற்பதும் தொகையே. இலக்கியத்தில் இச்சொல் அளவுகோலுக்கு உட்பட்ட சேர்க்கையைக் குறித்தது. நான்கடி முதல் எட்டடி வரை என்னும் எல்லையால் குறுந்தொகை அமைந்தது. பதின்மூன்றடி முதல் முப்பத்தோரடி வரையிலான பாடல்கள் நெடுந்தொகை எனப் பெயர்பெற்ற அகநானூறாயின. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்னும் குறிப்பும் உண்டு. தண்டியலங்காரம் தொகைநிலையைச் செய்யுள் வகைகளுள் ஒன்றாகக் கொள்கிறது. அதன் பழைய உரை, பொருளால் தொகுத்ததற்குப் புறநானூற்றையும், காலத்தால் தொகுத்ததற்குக் கார் நாற்பதையும், பாவால் தொகுத்ததற்குக் கலித்தொகையையும் காட்டுகிறது. எனவே, தொகை என்பது நெறி வெளிப்படையாகத் தெரியும் சேர்க்கை எனலாம்.

திரட்டு

திரட்டு, முன்னரே உள்ள நூல்களிலிருந்து தெரிந்தெடுத்த பகுதி. புறத்திரட்டு இதற்குத் தக்க சான்று. எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பித்த இந்நூல் வழியாகவே முத்தொள்ளாயிரத்தின் பெரும்பகுதியும் தகடூர் யாத்திரையின் சில பாடல்களும் நமக்குக் கிடைத்துள்ளன. மூலநூல் மறைந்துவிட்ட நிலையில், கிடைத்த பாடல்கள் திரட்டியவரின் தேர்வையே காட்டும். மூலநூலின் இயல்பை முழுமையாகக் காட்டா. முத்தொள்ளாயிரத்தில் ஒரு பொருள் இல்லை என்று கூற எஞ்சிய பாடல்கள் மட்டும் போதா.

முறை

சைவ மரபு இவ்வேறுபாட்டைத் தெளிவாகப் பேணியது. மூவர் தேவாரம் முழுவதும் ‘அடங்கன்முறை’ எனப்பட்டது. அதனுள் இருபத்தைந்து பதிகங்களை மட்டும் கொண்டது ‘அகத்தியர் தேவாரத் திரட்டு’. முழுமைக்கு ஒரு பெயரும் தேர்வுக்கு ஒரு பெயரும் வழங்கியமையின் ஓதுவோர்க்கு மயக்கம் இல்லை. முழுமையைப் பண்ணால் அடைவுபடுத்தியது பண்முறை. தலத்தால் அடைவுபடுத்தியது தலமுறை. எனினும், ஏட்டுமரபில் இடம்பெறாத திருவிடைவாய்ப் பதிகம் அவ்வூர்க் கல்வெட்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறியப்பட்டது. ‘அடங்கன்’ என்னும் பெயரும் மரபு கைக்கொண்டிருந்த முழுமையையே சுட்டியது என்பதை இது உணர்த்துகிறது.

பாடாந்தரம்

மேற்கூறியவை ஏட்டில் உள்ளவை. நினைவில் உள்ளதைச் சுட்டுவது பாடாந்தரம். வடமொழியில் ‘வேறு பாடம்’ என்னும் பொருளுடைய இச்சொல், கருநாடக இசைவழக்கில் ஆசிரியர் வழிவந்த உருப்படிகளையும் அவற்றைப் பாடும் முறையையும் ஒருங்கே குறிக்கிறது. ‘அவரிடம் நல்ல பாடாந்தரம் உண்டு’ என்னும்போது எண்ணிக்கை மட்டும் கருதப்படுவதில்லை. தியாகராசரின் (1767–1847) ஒரே கீர்த்தனை உமையாள்புரம், தில்லைத்தானம், வாலாசாபேட்டைச் சீடர் மரபுகளில் சங்கதி வேறுபட்டு வழங்கும். சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ முத்துசாமி தீட்சிதர் மரபின் உருப்படிகளைச் சுரக்குறிப்புடன் அச்சில் நிலைப்படுத்தியது. நினைவில் இருந்த பாடாந்தரம் அதனால் ஏட்டுத் தொகுதியாகவும் ஆயிற்று.

முடிவுரை

நெறியால் அமைந்தது தொகை. தேர்வால் அமைந்தது திரட்டு. மரபு முழுமை எனக் கொண்டு அடைவுபடுத்தியது முறை. பயிற்சியால் கைவந்தது பாடாந்தரம். இவை நான்கையும் ‘தொகுப்பு’ என்னும் ஒரு சொல்லில் அடக்குவதால் ஆய்வு முடிபே பிழைபடக்கூடும். இன்று கணினித் தரவகங்களைக் கொண்டு சொல்லாட்சியை எண்ணுவோர், தாம் எண்ணுவது தொகையா, திரட்டா என்பதை முதலில் குறித்தல் வேண்டும். ஒரு சொல் திரட்டில் அருகி வருவது, அக்காலத்தில் அது அருகி வழங்கியதற்குச் சான்றாகாது. பழைய பெயர்களை அவற்றின் பொருள் வரையறையோடு மீண்டும் ஆள்வது இம்மயக்கத்தைத் தவிர்க்கும் எளிய வழியாகும்.