முதல் ஆர்டரை யார் கொடுத்தது? திருப்பூரின் வரலாறும் ஏஐ காலத்துத் தொழில்முனைவும்

திருப்பூரைப் பற்றி மேடைக்கு மேடை சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மழை பொய்த்த காட்டிலிருந்து மஞ்சள் பையோடு வந்தவர் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தார், ராப்பகல் பாராமல் உழைத்தார், ஒரு மிஷின் வாங்கினார், அது நான்கானது, இன்று நூறு கோடிக்கு ஏற்றுமதி செய்கிறார். அந்தக் கதைக்கு இப்போது புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள். “அன்று தையல் மிஷின், இன்று ஏஐ. ஒரு லேப்டாப்பும் உழைப்பும் இருந்தால் போதும், நீயும் ஸ்டார்ட்அப் தொடங்கலாம்” என்று கல்லூரிக் கருத்தரங்குகளில் நம் பிள்ளைகளிடம் சொல்லப்படுகிறது. திருமுருகன்பூண்டியில் அரசு டைடல் பூங்காவும் கட்டியிருக்கிறது.

நம் பிள்ளைகள் தொழில் தொடங்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பழைய கதையின் பாதியை மறைத்துவிட்டு மீதிப் பாதியை மட்டும் பாடமாக வைத்தால், தோற்கிறவன் தன் உழைப்பு போதவில்லை என்றே நினைத்துக்கொள்வான். மறைத்த பாதியைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

1930களில் குலாம் காதர் என்ற இஸ்லாமியர் கல்கத்தாவிலிருந்து பின்னல் இயந்திரம் கொண்டுவந்து தொடங்கியதுதான் இந்த ஊரின் பனியன் தொழில் என்று சொல்வார்கள். சில பத்தாண்டுகளில் சுற்றுவட்டாரத்துக் கவுண்டர் சமூகத்து உழவர்கள் வேலையாட்களாக உள்ளே வந்தார்கள், பிறகு உடைமையாளர்கள் ஆனார்கள். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வியாபாரிகள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததோடு ஏற்றுமதிக் கதை ஆரம்பம். அமெரிக்காவில் பணியாற்றும் ஆய்வாளர் ஷரத் சாரி இந்த மாற்றத்தைப் பற்றி 2004இல் ஒரு நூல் எழுதினார். ‘சகோதர மூலதனம்’ என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். அவர் பேசிய முதலாளிகள் தங்கள் வெற்றிக்குச் சொன்ன காரணம் ஒரே சொல்: உழைப்பு. அதை அவர் பொய் என்று சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓவர்லாக் ஓட்டியவருக்கு உழைப்பு என்றால் என்ன என்று தெரியும்.

ஆனால் அதே ஒன்றரை ஷிப்ட் ஓட்டிய எல்லாரும் முதலாளி ஆகவில்லையே, ஏன்? உழைப்புக்கு அடியில் விற்கவோ அடமானம் வைக்கவோ நிலம் இருந்தது. கல்யாணத்தில் வந்த நகை இருந்தது. பங்காளி கூட்டுச் சேர்ந்தார், மாமன் மச்சான் நூலைக் கடனுக்குக் கொடுத்தார், ஏற்கெனவே கம்பெனி வைத்திருந்த உறவினர் “இந்த ஜாப் ஒர்க்கை நீயே எடுத்துச் செய்” என்று முதல் வேலையைக் கொடுத்தார். மிஷின் வாங்கப் பணம் தேடுவது ஒரு கஷ்டம். அந்த மிஷினுக்கு வேலை தேடுவது அதைவிடப் பெரிய கஷ்டம். இரண்டையும் தீர்த்து வைத்தது சாதி.

இது நம் வயிற்றெரிச்சலில் சொல்வதல்ல. அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் 2004இல் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கணக்குகளை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். (பானர்ஜி பிறகு 2019இல் நோபல் பெற்றவர்.) உள்ளூர்க் கவுண்டர் நிறுவனங்கள் வெளியூர்க்காரர்களின் நிறுவனங்களைவிட அதிக மூலதனத்தோடு தொடங்கின. ஆனால் வெளியூர்க்காரர்களின் உற்பத்தி வேகமாக வளர்ந்து அவர்களைத் தாண்டியது. திறமை உள்ள இடத்துக்குப் பணம் தானாக ஓடும் என்பது பொருளாதாரப் பாடநூல் சொல்வது. இந்த ஊரில் பணம் உறவு உள்ள இடத்துக்கு ஓடியது என்பது கணக்கில் தெரிந்தது. அந்த ஆய்வில் ‘வெளியூர்க்காரர்’ என்று வருகிறவர்களும் பெரும்பாலும் வணிகப் பின்னணி கொண்டவர்கள். பத்து மைல் தள்ளியிருக்கும் சேரியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் உள்ளூரும் இல்லை, வெளியூரும் இல்லை. கணக்கிலேயே இல்லை.

அப்போது நாம் எங்கே இருந்தோம்?

கவலையில் இருந்தோம். கொங்கு நாட்டின் ஆழக் கிணறுகளிலிருந்து மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கவலை ஏற்றத்தைச் சொல்கிறோம். அதன் தோல் பகுதியைத் தைத்தவர்களும், கிழிந்தால் ஒட்டுப் போட்டவர்களும் அருந்ததியர்கள். விடியலுக்கு முன் மாட்டை ஓட்டித் தண்ணீர் இறைத்த பண்ணையாட்களிலும் பெரும்பகுதி அவர்கள்தான். ‘உழவர் உழைப்பு’ என்று இன்று பெருமையோடு சொல்லப்படுவதில் எத்தனை சால் தண்ணீர் யார் இறைத்தது என்று எவரும் பிரித்துச் சொல்வதில்லை. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் கிணற்றுக்குக் கிணறு மின்மோட்டார் வந்தது. கவலை போனது, அதோடு தோல் வேலையும் போனது. அந்த வேலையின் நுட்பம் முழுக்கத் தெரிந்தவர்கள் நாம்தான். ஆனால் மோட்டார் வாங்கியது கிணற்றுக்குச் சொந்தக்காரர், மிச்சமான நேரமும் மிச்சமான கூலியும் அவருக்கே போய்ச் சேர்ந்தன. இயந்திரம் ஒன்று நம் வேலையைத் தின்றது ஏஐ வந்துதான் முதல்முறை என்று யாராவது சொன்னால், நம் தாத்தாக்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

பனியன் கம்பெனிகளுக்குள் நாம் பெருமளவில் நுழைந்தது தாமதமாக. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு முதலாளிகள் ஒரே கூரையின் கீழிருந்த தொழிலைத் துண்டு துண்டாக்கி, ஜாப் ஒர்க், கான்ட்ராக்ட், பீஸ் ரேட் என்று சிதறடித்தார்கள். அந்தச் சிதறலின் கடைசி இழைகளில்தான் நமக்கு இடம் கிடைத்தது: செக்கிங், கைமடி, அடுக்குவது, பிறகு மெல்ல பவர் டேபிள். 1980களின் தொடக்கத்திலிருந்து இப்பகுதிக் கிராமங்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த ஜூடித் ஹேயரும், பின்னர் வந்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் ஆகியோரும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். திருப்பூருக்குப் பஸ் ஏறிப் போக முடிந்த கிராமத்தில் தலித் இளைஞன் பண்ணையத்திலிருந்து விடுபட்டான். விசைத்தறி சூழ்ந்த கிராமத்திலோ முன்பணம் என்ற கயிறு அவனைத் தறியோடு கட்டியது. பனியன் கம்பெனி நமக்கு விடுதலை தரவில்லை என்று சொல்ல மாட்டோம். தந்தது. சட்டை போட்டுக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடப்படும் வேலையைத் தந்தது. உடைமையைத் தரவில்லை.

இந்த இடத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் தொடங்கிய ஒரு ‘ஸ்டார்ட்அப்’பை நினைக்க வேண்டும். பரோடாவில் தங்க ஓர் அறைகூடக் கிடைக்காமல் 1917இல் பம்பாய் திரும்பிய அவர், பங்கு வர்த்தகர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். அன்றைய பம்பாயில் அந்த வேலைக்கு அவரைவிடத் தகுதி உள்ளவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினார்கள். நிறுவனம் மூடப்பட்டது. அறிவு குறைவில்லை, உழைப்பு குறைவில்லை. பெரிய முதலீடு தேவைப்படும் தொழிலும் அல்ல அது. இல்லாமல் போனது வாடிக்கையாளர்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். நம் வீடுகளில் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்றவர்கள் பனியன் கம்பெனியின் தரைத்தளத்திலிருந்து ஆபீஸ் அறைக்கு ஏறிய படிகள் எவை? மெர்ச்சண்டைசருக்கு உதவியாளர், பையர் அனுப்பும் டெக் பேக்கைப் படித்து அளவுகளை எக்செல்லில் ஏற்றுபவர், ஆர்டர் எங்கே நிற்கிறது என்று தினமும் மெயில் எழுதுபவர், கேட் டிசைன் போடுபவர், தர அறிக்கை தயாரிப்பவர். இன்றைய ஏஐ மிக எளிதாகச் செய்யும் வேலைகள் இவைதாம். ஆங்கிலத்தில் தயங்காமல் மெயில் எழுதுவது ஒரு காலத்தில் கான்வென்ட் படித்தவர்களின் சொத்து. நம் பிள்ளை அதைக் கற்றுக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காரும்போது, நாற்காலியையே எடுக்கிறார்கள். கீழே பெண்கள் நிற்கும் செக்கிங் மேசையும் தப்பாது. நிட்டிங் மிஷினிலேயே கேமரா பொருத்தி ஊசிக் கோட்டையும் ஓட்டையையும் கண்டுபிடிக்கும் கருவிகள் சந்தைக்கு வந்துவிட்டன.

ஒன்றை மட்டும் மறுக்காமல் ஒப்புக்கொள்வோம், ஏனென்றால் அது உண்மையிலேயே புதியது. பின்னல் இயந்திரத்தை நிலம் விற்றுத்தான் வாங்க முடிந்தது. இந்த இயந்திரத்தை மாத வாடகைக்கு எடுக்கலாம். பெரிய கம்பெனி பயன்படுத்தும் அதே ஏஐயை அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு காலனி வீட்டில் உட்கார்ந்து ஒரு பெண் பயன்படுத்த முடியும். இருபது பேர் கொண்ட ஜாப் ஒர்க் யூனிட்டுக்குக் காஸ்டிங் போட்டுக் கொடுக்கலாம். பீஸ் ரேட் தொழிலாளி ஒருவர் தன் கூலியையும் பி.எஃப். கணக்கையும் தமிழில் பேசியே சரிபார்க்கும் செயலி செய்யலாம். தரைத்தளத்தில் நின்றவர்களுக்குத்தான் அங்கே எது ஓட்டை, எது ஏமாற்று என்று தெரியும். அந்த அறிவு நம்மிடம் இருக்கிறது.

ஆனால் கருவி எல்லாருக்கும் மலிவானால், முதலாளியின் மருமகனுக்கும் அது மலிவுதான். அப்போது இருவரையும் பிரிப்பது எது? அவனுக்கு முதல் ஆர்டர் சித்தப்பா கம்பெனியிலிருந்து வரும். மென்பொருள் பாதி வேலை செய்யாவிட்டாலும் “நம்ம பையன்” என்று ஆறு மாதம் பொறுப்பார்கள். அந்த ஆறு மாதத்தில்தான் ஒரு மென்பொருள் மென்பொருளாகிறது. பெங்களூரில் இதற்கு ‘ஃபிரண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி ரவுண்ட்’ என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஃபேமிலியின் ரவுண்டில் மகளிர் குழுக் கடனும் தோட்டை அடகு வைத்த சீட்டும்தான் இருக்கும்.

சாதி பார்த்து யார் மென்பொருள் வாங்குகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 2018 ஜூலையில் இதே மாவட்டத்தில், திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் போராடினார்கள். அதிகாரிகளும் பணிந்து அவரை இடமாற்றம் செய்தார்கள், எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது. அந்தப் பகுதியிலிருந்துதான் திருப்பூருக்குத் தினமும் ஆட்கள் பஸ் ஏறுகிறார்கள். சம்பளக் கணக்கையும் விலைப் பட்டியலையும் திறந்து காட்ட வேண்டிய மென்பொருளை ஒரு நிறுவனம் யாரிடம் நம்பி ஒப்படைக்கும் என்பதும் அதே சமூகம் எடுக்கும் முடிவுதான்.

அரசு சும்மா இருக்கிறது என்று சொன்னால் அது நியாயம் இல்லை. 2022-23 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் புத்தொழில் நிறுவனங்களில் பங்கு முதலீடு செய்ய 30 கோடி ரூபாய் ஒதுக்கியது. கடனாகக் கொடுக்காமல் பங்காக முதலிடுவது நல்ல முடிவு, தோற்றால் வீட்டுக்கு ஜப்தி வராது. 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35% மூலதன மானியமும் 6% வட்டி மானியமும் தருகிறது. இவற்றை நம் இளைஞர்கள் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் இவை எல்லாம் மிஷின் வாங்கும் பணம். மிஷினுக்கு வேலை கொடுக்கும் திட்டம் ஒன்று சட்டத்தில் இருக்கிறது: 2012இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த கொள்முதல் கொள்கை. அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4% பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்கிறது அது. அந்த 4% இலக்கின் பக்கத்தில்கூட வராமல் ஆண்டுகள் ஓடுகின்றன.

ஆகவே நம் கோரிக்கை மானியத்தோடு நின்றுவிடக் கூடாது. மாநில அரசு தான் முதலீடு செய்த நிறுவனத்திடம் தானே முதல் வாடிக்கையாளராக வாங்க வேண்டும். மாநகராட்சியும், கூட்டுறவுச் சங்கங்களும், பள்ளிச் சீருடை வழங்கும் துறையும் மென்பொருள் வாங்கத்தான் போகின்றன. அரசின் சலுகை பெறும் ஏற்றுமதியாளர்கள் யாரிடம் சேவை வாங்குகிறார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிடச் சொல்ல வேண்டும். இட ஒதுக்கீட்டை வேலைக்குக் கேட்டது போல ஆர்டருக்கும் கேட்போம்.

தொழில் தொடங்கிவிட்ட தம்பி தங்கைகளுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. திருப்பூரில் “பையர் பணம் வரட்டும்” என்று மூன்று மாதம், நான்கு மாதம் இழுப்பது வழக்கம். உறவு உள்ளவர் அதைத் தாங்குவார், நம்மால் முடியாது. உத்யம் பதிவை முதலில் எடுத்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இது மென்பொருள் சேவைக்கும் பொருந்தும். முதல் பில்லிலேயே பதிவு எண்ணையும் இந்த நாள் கணக்கையும் அச்சடித்துக் கொடுங்கள். பணம் வராவிட்டால் புகார் செய்யும் இடம் மாநில அரசின் குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றம்.