கன்னிப் பருவமும் பெண்மையும்: அம்ரிதா ஷெர்கிலின் தொடக்கக்கால ஓவியங்கள் (1932–1937)

இருபதாம் நூற்றாண்டு இந்திய ஓவிய வரலாற்றில் அம்ரிதா ஷெர்கிலுக்குத் தனியிடம் உண்டு. 1913ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் பிறந்த அவர், 1941 டிசம்பரில் லாகூரில் மறைந்தபோது அவருக்கு வயது 28. அவர்தம் ஓவியப் பெண்களைப் பற்றி எழுதுவோர் பலர் அப்பெண்களின் முகத்திலுள்ள சோகத்தைச் சுட்டி, அதனை வறுமையின் விளைவாகக் கொள்வர். இந்திய ஏழையரின் வாழ்வைத் தீட்டுவதே தம் நோக்கம் என ஓவியரே எழுதியிருப்பது இக்கருத்துக்கு வலுவூட்டியது. எனினும், அவர் வளர்ந்துவரும் கலைஞராக இருந்த காலத்தில் தீட்டிய மூன்று ஓவியங்களை வரிசைப்படுத்தி நோக்கின், இவ்விளக்கம் போதாது என்பது புலனாகும்.

முதலாவது, பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் பயின்றபோது 1932இல் தீட்டிய 'இளம் பெண்கள்'. தம் தங்கை இந்திராவையும் பிரெஞ்சுத் தோழி ஒருவரையும் அவர் எதிரெதிரே அமர்த்தினார். தங்கை நாகரிக உடையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். தோழியோ அரைகுறை ஆடையுடன், அவிழ்ந்த கூந்தல் முகத்தை மறைக்க அமர்ந்திருக்கிறார். இருவரும் பிறர் காண்பதற்காக அமர்ந்தவர்களாகத் தோன்றவில்லை. தமக்குள் பேசிக்கொண்டிருப்பவர்களாகவே தோன்றுகின்றனர். இவ்வோவியத்தின் சிறப்பால் 1933இல் அவர் பாரிஸின் புகழ்பெற்ற கலைக்காட்சி அமைப்பில் இணை உறுப்பினராகத் தேர்வு பெற்றார்.

1934ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா திரும்பியவர், 1935இல் 'மூன்று பெண்கள்' என்னும் ஓவியத்தைத் தீட்டினார். இதற்குப் பம்பாய்க் கலைக் கழகம் 1937இல் தங்கப் பதக்கம் வழங்கியது. மூன்று இளம்பெண்கள் நெருங்கி அமர்ந்துள்ளனர். ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கவில்லை; நம்மையும் நோக்கவில்லை. பின்புலத்தில் வீடோ தெருவோ இல்லை. இங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஓவியத்துக்கு அமர்ந்தவர்கள் ஏழைப் பெண்கள் அல்லர். ஓவியரின் தந்தைவழி உறவினர். நிலவுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே அவர்தம் மௌனத்துக்கு வறுமையைக் காரணமாகக் கூற இயலாது. தம் எதிர்காலத்தைப் பிறர் முடிவு செய்யக் காத்திருக்கும் நிலையே அம்மௌனத்தில் வெளிப்படுகிறது எனக் கொள்வது பொருந்தும்.

இக்காத்திருப்புக்குக் காலப் பின்னணியும் உண்டு. 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம், பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 14 என வரையறுத்தது. வயதை வரையறுத்த அச்சட்டம், பெண்ணின் விருப்பத்தைப் பற்றிய கேள்வியைத் தீர்க்கவில்லை. 1936இல் ஷெர்கில் 'குழந்தை மணப்பெண்' என்னும் ஓவியத்தைத் தீட்டியமை இங்கு நினைக்கத்தக்கது.

அதன்பின் அவர் அஜந்தாவையும் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் கண்டு, கன்னியாகுமரி வரை பயணம் செய்தார். அப்பயணத்தின் பயனாக 1937இல் எழுந்தவற்றுள் ஒன்று 'மணமகளின் ஒப்பனை'. பாரிஸில் கற்ற நிழலும் ஒளியும் குறைந்து, சுவரோவியங்களின் தட்டையான வண்ணப்பரப்பு இதில் மேலோங்குகிறது. பின்னிருந்து ஒருத்தி கூந்தலை ஒப்பனை செய்ய, மருதாணிச் சிவப்பேறிய கைகளுடன் மணமகள் நடுவே அமர்ந்திருக்கிறாள். முகத்தில் மணநாளின் மகிழ்ச்சி இல்லை. பாரிஸ் தோழியின் அவிழ்ந்த கூந்தல் அவளுக்கே உரியது. இம்மணமகளின் கூந்தலோ பிறர் கையில் உள்ளது.

செல்வக் குடும்பத்தில் பிறந்து, பெற்றோரின் எதிர்ப்பை மீறி 1938இல் தாம் விரும்பியவரை மணந்த ஒருவர், பிற பெண்களை இவ்வாறு மௌனமாகவே தீட்டியது அவர்களுக்கு நியாயம் செய்வதாகுமா என வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், தம் குடும்பத்துப் பெண்களிடமும் அதே மௌனத்தைக் கண்டு தீட்டியதால், அவர் மேலிருந்து இரங்கியவர் மட்டுமே எனக் கூறுதல் பொருந்தாது.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இவ்வோவியங்கள் பயன்தரும் ஓர் ஒப்பீட்டைத் தருகின்றன. பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகப் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்துக் காட்டுவது உலா இலக்கியம். அங்கே எழுவரும் வீதியுலா வரும் தலைவனைக் காண்பவர்களாகவே படைக்கப்பட்டுள்ளனர். ஷெர்கிலின் இம்மூன்று ஓவியங்களிலும் தலைவன் இல்லை. பருவம் மட்டும் உண்டு. புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தின் தொகுப்பிலுள்ள இவ்வோவியங்களின் படிகளை உலாப் பாடத்தோடு சேர்த்து வகுப்பறையில் காட்டினால், பருவம் என்பது யாருடைய பார்வையில் வகுக்கப்படுகிறது என்னும் வினாவை மாணவர் தாமே எழுப்புவர் எனக் கருதுகிறோம்.