கொட்டியாரத்துத் தேனும் கூட்டு முயற்சியும்

கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, மூதூரை அடுத்து அமைந்துள்ளது கட்டைபறிச்சான். வயலும் களப்பும் பற்றைக்காடும் அணித்தணித்தே காணப்படும் இவ்வூரிலே தேனீ வளர்ப்பையும் அதனைச் சார்ந்த கிராமியச் சுற்றுலாவையும் ஊரவரே முன்னின்று நடத்தல் கூடுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு வரலாறும் துணைபுரியும்.

1660ஆம் ஆண்டு கொட்டியாரத்திலே சிறைப்பிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்திலே ஏறத்தாழ இருபதாண்டுகள் வாழ்ந்து, 1679இல் தப்பிச்சென்றார். 1681இல் வெளிவந்த அவரது நூல், பொந்தில் வாழ்வன, உயர்ந்த கொம்பரிலே கூடு கட்டுவன, ஈயளவினவான சிறியன என மூவகைத் தேனீக்களைக் குறிப்பிடுகின்றது. அவ்விராச்சியத்திலே நாற்பது ஐம்பது பேர் ஒருங்குகூடிக் காடு சென்று தேனெடுத்த செய்தியும் அதிலே உண்டு. மூதூர், வெருகல் பகுதிகளின் கரையோர வேடரிடையேயும் தேனெடுத்தல் வழிவழி வந்த தொழிலாகும். ஆகவே, தேனைத் தேடுதல் தனியொருவர் முயற்சியாக அன்றிக் கூட்டுச் செயலாகவும் நிகழ்ந்தமை தெளிவு.

கூட்டை அழியாது தேனெடுக்கும் வழியை அசையும் சட்டங்கள் கொண்ட பெட்டி தந்தது. 1851இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ரொத் இதற்கான அடிப்படையைக் கண்டறிந்தார். பல அடைகளை அடுத்தடுத்துக் கட்டும் பொந்துத் தேனீயே நம் நாட்டிலே இப்பெட்டிக்கு ஏற்றது. வெளியிலே ஒற்றை அடை கட்டும் பெருந்தேனீ அதற்குள் அடங்காது. 1920களிலே மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹட்ச் தொடங்கிய கிராமப் புனரமைப்புப் பணி, இப்பெட்டியைச் சிறு விவசாயிகளின் வளவுகளுக்குக் கொண்டுசென்றது. ஆயினும் 1990களின் தொடக்கத்திலே பரவிய வைரசு நோய் தென்னிந்தியாவிலே எண்ணற்ற தேனீக் குடும்பங்களை அழித்தது. ஒருவர் பெட்டியில் தோன்றிய நோய் அயலவர் பெட்டியையும் விட்டுவைப்பதில்லை என்பதே அது புகட்டிய பாடம்.

2006ஆம் ஆண்டுப் போரிலே மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்கள் பலர் கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம்களிலே ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தம் நிலத்துக்கு மீண்டனர். சிறு வளவே உடையோரும் தேன்பெட்டி வைக்கலாம். ஆனால், பெட்டி ஒருவருடையதாயினும் தேனீ மேய்வது ஊரார் அனைவரது நிலத்திலுமாம். பூக்கும் காலத்திலே அயலவர் தெளிக்கும் பூச்சிகொல்லி, பெட்டிக்குரியவரின் உழைப்பை ஒரே நாளிற் போக்கிவிடும். எனவே, இத்தொழிலுக்கு ஊரின் ஒருமித்த கட்டுப்பாடு இன்றியமையாதது.

சுற்றுலாவுக்கும் இஃது பொருந்தும். மூதூரிலே நொக்ஸின் நினைவுக்கல்லைக் காண வருவோரைத் தேன்பெட்டிகளிடத்தும் அழைத்துச்செல்லலாம். வருவோர் தொகையையும் வருவாயின் பங்கீட்டையும் ஊரவரே வரையறுத்தல் வேண்டும். அன்றேல், தேன் ஊராருடையதாயினும் அதன் பயன் பிறருடையதாகிவிடும்.