ஸ்பென்சர் பிளாசா: எழுந்த கதையும் இறங்கிய கதையும்

எங்கள் பள்ளிக்கரணைப் பக்கம் இன்று 'மால்' என்று சொன்னால், எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வேளச்சேரி ஃபீனிக்ஸ்தான். நம் வயதுக்காரர்களுக்கு அப்படியில்லை. மால் என்ற சொல்லே பழக்கத்துக்கு வராத நாளில் நாம் பார்த்த மால், மவுண்ட் ரோடு ஸ்பென்சர் பிளாசா. இப்போது பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிறவர்கள், "எப்படி இருந்த இடம்!" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிறார்கள். புது மால்கள் வந்ததால் பழையது படுத்துவிட்டது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி பணம் சம்பந்தப்பட்டது. ரிடையர் ஆனவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான்.

முதலில் பழைய கதை. 1863-64-ல் சார்லஸ் டூரண்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் மவுண்ட் ரோட்டில் ஆரம்பித்த கடை அது. பிறகு யூஜின் ஓக்‌ஷாட் என்பவர் கைக்கு வந்தது. அவர் காலத்தில்தான், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், இந்தோ-சாரசெனிக் பாணியில் அந்தப் பெரிய கட்டடம் எழுந்தது. வரைபடம் போட்டவர் டபிள்யூ. என். போக்சன். துரைமார் வீட்டுக்கு வேண்டியதெல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தது. பக்கத்திலிருக்கும் கன்னிமாரா ஓட்டல், ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகள், திண்டுக்கல் சுருட்டு என்று ஸ்பென்சர் கம்பெனி கை வைக்காத வியாபாரம் குறைவு. நம் அப்பாக்கள் தலைமுறையில் நடுத்தரக் குடும்பத்தார் பலர் அதை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

அந்தக் கட்டடம் 1983-ல் தீக்கிரையானது. இரண்டு வருடம் கழித்து, 1985-ல், சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்டும் எரிந்தது. நூறு வருடப் பழக்கமுள்ள இரண்டு கடைவீதிகளைச் சென்னை அடுத்தடுத்து இழந்தது.

ஸ்பென்சர் இருந்த இடத்தில் புதிய ஸ்பென்சர் பிளாசா 1991-ல் திறந்தது. அதே வருடம் ஜூலையில்தான் மன்மோகன் சிங் புதிய பொருளாதாரக் கொள்கையை அறிவித்தார். காலம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அதுவரை வெளிநாட்டு சென்ட், பேனா, டேப் ரிக்கார்டர் வேண்டுமென்றால் பர்மா பஜாரில் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். இப்போது குளுகுளு அறையில், கண்ணாடிக்குப் பின்னால், விலைச் சீட்டோடு வைத்திருந்தார்கள். முதல் பகுதிக்குப் பின் இரண்டாவது, மூன்றாவது என்று வளர்ந்து, மொத்தம் சுமார் 10 லட்சம் சதுர அடி ஆயிற்று. இந்தியாவின் ஆரம்பகால மால்களில் அதுவும் ஒன்று.

லேண்ட்மார்க் புத்தகக் கடையில் நின்றுகொண்டே பாதிப் புத்தகம் படித்தவர்களும், மியூசிக் வேர்ல்டில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேசட் கேட்டவர்களும் நம்மில் பலர் உண்டு. காஷ்மீர் சால்வைக் கடைகள், வெள்ளைக்காரர்களை மறித்து அழைக்கும் கைவினைக் கடைகள், ஒரே நாளில் சூட் தைத்துத் தரும் தையற்காரர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். எஸ்கலேட்டர் முன்னால் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை வைப்பதா வேண்டாமா என்று தயங்கி நின்ற மாமிகளைத் தினமும் பார்க்கலாம். தாம்பரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மின்சார ரயிலில் எழும்பூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். எதுவும் வாங்காமல், ஏசியில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். அதற்கு யாரும் காசு கேட்கவில்லை.

இனி இறங்கிய கதை. 2006-ல் மயிலாப்பூர் பக்கம் சிட்டி சென்டர், 2009-ல் அமைந்தகரையில் ஆம்பா ஸ்கைவாக், 2010-ல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் என்று வரிசையாக வந்தன. எக்ஸ்பிரஸ் அவென்யூ ஸ்பென்சரிலிருந்து நடக்கிற தூரம்தான். இடையில் மெட்ரோ ரயில் வேலைக்காக மவுண்ட் ரோட்டை வருடக்கணக்கில் தோண்டிப் போட்டிருந்தார்கள். 2019-ல் எல்.ஐ.சி. ஸ்டேஷன் திறந்து, வாசல் வரை ரயில் வந்தபோது, ஜனங்களுக்கு வேறு இடம் பழகிவிட்டது.

குடியிருப்பும் தெற்கே நகர்ந்துவிட்டது. ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. 2007-ல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டது. சதுப்பு நிலத்தின் ஓரம் வரை அடுக்குமாடிகள் முளைத்தன. கையில் பணமுள்ள இளம் குடும்பங்கள் இங்கே இருக்கும்போது, மவுண்ட் ரோட்டுக்கு எதற்காகப் போவார்கள்?

ஆனால் போட்டி வந்த கடைவீதியெல்லாம் படுத்துவிடவில்லை. தி. நகர் ரங்கநாதன் தெருவில் இன்றும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஸ்பென்சருக்கு மட்டும் என்ன ஆயிற்று?

மால் என்பது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்கா போன விக்டர் குரூயன் என்ற கட்டடக் கலைஞர், 1956-ல் மினியாபொலிஸ் அருகே சவுத்டேல் என்ற மாலை வடிவமைத்தார். முழுக்க மூடி, ஏசி போட்ட மால்களுக்கு அதுதான் முன்னோடி. மாலில் வழக்கமான ஏற்பாடு இது: கட்டடம் முழுவதும் ஒரே முதலாளியுடையது, கடைகள் வாடகைக்கு மட்டும். கூட்டத்தை இழுக்கும் பெரிய கடைக்கு வாடகையைக் குறைத்துக் கொடுப்பார்கள். அந்தக் கூட்டத்தால் பிழைக்கும் சின்னக் கடைகளிடம் சதுர அடிக்கு அதிகம் வாங்குவார்கள். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை, எது ஓடவில்லை, எதை மாற்றுவது என்பதையெல்லாம் ஒருவரே முடிவு செய்வார்.

ஸ்பென்சர் பிளாசா அப்படி இல்லை. கடைகள் பெரும்பாலும் தனித்தனியாக விற்கப்பட்டவை. கட்டியவருக்கு முதல் உடனே திரும்பிவிட்டது. ஆனால் கட்டடத்துக்கு நூற்றுக்கணக்கான முதலாளிகள். ஒருவர் மொபைல் உறை விற்பவருக்கு வாடகைக்கு விடுவார், அடுத்தவரும் அதையே செய்வார், மூன்றாமவர் பூட்டிப் போட்டுவிடுவார். பெரிய கடை ஒன்று வெளியேறினால், அந்த இடத்துக்கு இன்னொன்றை அழைத்துவரும் பொறுப்பு யாருக்கும் இல்லை. இப்படி விற்ற வளாகங்களில் பராமரிப்புப் பணமும் சண்டையாகிவிடும். பூட்டிய கடைக்காரர் கொடுக்க மாட்டார், திறந்த கடைக்காரர் எத்தனை நாள்தான் கொடுப்பார்?

நகரத்தில் வேறொரு வளாகத்தில், என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், பி.எஃப். பணத்தைப் போட்டு 130 சதுர அடிக் கடை ஒன்றை வாங்கினார். முதல் ஐந்து வருடம் நல்ல வாடகை. பென்ஷனைவிட அதிகம் என்று சொல்லிக்கொள்வார். பிறகு ஆள் வரவில்லை. விற்கலாமென்றால் பக்கத்துக் கடைகளும் விற்பனைக்கு நிற்கின்றன. சொத்து வரியும் பராமரிப்புக் கட்டணமும் மட்டும் நிற்கவில்லை. மகளின் கல்யாணத்துக்கு அந்தக் கடை ஒரு ரூபாய்கூட உதவவில்லை. கடைசியில் வீட்டை அடமானம் வைத்தார். அவரிடம் திறமைக் குறைவு எதுவும் இல்லை. ஒரு கடைக்கு மட்டும் சொந்தக்காரராக இருப்பவரால் மாலைக் காப்பாற்ற முடியாது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 'மாதா மாதம் உறுதியான வாடகை' என்று அச்சடித்த வண்ணத் தாள்கள் நம் தெருக்களிலும் நாளிதழுக்குள் வைத்து வருகின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். கடைகளை விற்கிறார்களா, வாடகைக்கு விடுகிறார்களா? கட்டியவர் தம் கையில் எத்தனை பங்கு வைத்திருக்கிறார்? பராமரிப்பு யார் பொறுப்பு, கட்டணத்தை உயர்த்த யாருக்கு அதிகாரம்? வாடகை உத்தரவாதம் எத்தனை வருடம், அதன் பிறகு என்ன?

ஸ்பென்சர் பிளாசா முழுவதும் மூடிவிடவில்லை. பூட்டிய கடைகளுக்கு நடுவே தையற்காரர்களும் கைவினைக் கடைக்காரர்களும் இன்றும் வியாபாரம் செய்கிறார்கள். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை போய் இறங்கினால், ஆட்டோவில் பக்கம்தான். அந்தப் பக்கம் வேலை இருந்தால் ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். அவர்களிடம் ஏதாவது வாங்குங்கள்.