அம்மாவுக்கு எத்தனை கோடு வேண்டும்?

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நியூஜெர்சியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறேன், ஏர்பேட்டிலிருந்து அம்மா போன்.

"டேய், டிவி போயிடுச்சுடா. ஆன் பண்ணா சத்தம் மட்டும் வருது, படத்தைக் காணோம்."

ஏர்பேடு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவில், கூடூர் ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். நான் வளர்ந்தபோது சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். எங்களுக்கு வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு.

புது டிவி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு திருப்பதியில் ஒரு கடைக்கு போன் போட்டேன். "அமெரிக்காவுல இருக்கீங்க, அம்மாவுக்கு 55 இன்ச் 4கே எடுத்துடுங்க சார்" என்றார் கடைக்காரர். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளின் குற்ற உணர்ச்சி எங்கே இருக்கிறது என்று கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும் :-) கார்டை எடுத்தும் விட்டேன். அப்புறம்தான் தோன்றியது, அம்மாவுக்கு உண்மையில் எத்தனை கோடு வேண்டும்?

கோடு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பிக்சல் என்ற பேச்சு வருவதற்கு முன்னால் டிவி படம் என்றால் கோடுகள்தான். 1936இல் பிபிசி லண்டனில் 405 கோடுகளில் ஒளிபரப்பு ஆரம்பித்தது. அன்றைக்கு அதற்கும் பெயர் 'ஹை டெபினிஷன்'தான்! அதற்கு முன் ஜான் லோகி பெயர்டு காட்டிய படத்தில் இருந்தவை வெறும் 30 கோடுகள். 1941இல் அமெரிக்கா 525 என்று முடிவு செய்தது. யுத்தம் முடிந்தபின் ஐரோப்பாவின் பெரும்பகுதி 625க்குப் போனது. இரண்டுக்கும் பின்னால் இருந்தது கரண்ட். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ். படம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதை அதோடு பொருத்திக்கொண்டார்கள்.

இதில் பிரான்ஸ் கதை சுவாரசியம். எல்லோரையும் மிஞ்ச வேண்டும் என்று 1940களின் கடைசியில் 819 கோடுகளை எடுத்துக்கொண்டது. படம் அருமைதான். ஆனால் ஒரு சேனலே மற்றவர்களின் இரண்டு சேனல் இடத்தை விழுங்கியது. கடைசியில் அவர்களும் 625க்கு வந்து, 1980களில் 819ஐ மூடிவிட்டார்கள். அதிக எண் வைத்திருந்தவர் ஜெயிக்கவில்லை. கம்பியும் காற்றும் எவ்வளவு சுமக்கும், கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்ற இரண்டுக்கும் நடுவில் பேரம் பேசியவர்தான் ஜெயித்தார்.

இந்தியாவும் 625தான். 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனையாக ஆரம்பித்தது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது. நிறம் வந்தது 1982இல், ஏஷியாட் புண்ணியத்தில். ஜெர்மனியில் வால்டர் புரூக் உருவாக்கிய பால் முறை அது. 625 கோடுகளில் படத்துக்கு உரியவை 576தான், மீதி படம் மேலே திரும்பிப் போகும் நேரத்துக்குச் செலவாகிவிடும். இந்த 576ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

எங்கள் ஊருக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அப்பா ரயில்வே. 1984இல் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கி, தென்னை மர உயரத்துக்குக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டினார். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வரும் நேரத்துக்கு நான் மொட்டை மாடியில் குழாயைத் திருப்ப, தங்கச்சி ஜன்னலில் நின்று கத்துவாள்: "வந்துடுச்சு... போயிடுச்சு... வந்துடுச்சு!" வந்த படத்தில் பாதி புள்ளி மழை. அந்த மழைக்குள் யார் ஆடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க எங்கள் யாருக்கும் சிரமமாக இருந்ததில்லை.

அதே தங்கச்சிக்கு 1997இல் கல்யாணம். விசா சிக்கலில் என்னால் போக முடியவில்லை. அப்பா வீடியோ கேசட்டை பார்சலில் அனுப்பினார். ஆவலோடு விசிஆரில் சொருகினால் படம் கிழிந்து உருண்டு ஓடுகிறது. கேசட் பால், என் விசிஆர் என்டிஎஸ்சி! அந்தக் காலத்தில் இங்கே வந்தவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். மளிகைக் கடைக்குப் பக்கத்தில் கேசட் மாற்றிக் கொடுக்கும் ஒரு கடையில் டாலர் கொடுத்து மாற்றினேன். 576 கோடு 480 ஆனது. விஎச்எஸ் கேசட்டே ஒரு கோட்டுக்குள் சுமார் 240 நுணுக்கங்களைத்தான் பிடிக்கும், அதையும் பிரதி எடுத்தால் என்ன மிஞ்சும்? பிறகு அதிலிருந்து டிவிடி, டிவிடியிலிருந்து கம்ப்யூட்டர். 2003இல் அப்பா போனார். அவர் நடந்து, சிரித்து, யாரையோ அதட்டுகிற படம் எங்களிடம் அது ஒன்றுதான்.

என் வீட்டில் 65 இன்ச் 4கே டிவி. ஏழடி தூரத்தில் சோபா. அதில் அந்தப் படத்தைப் போட்டால் அப்பாவின் முகம் தண்ணீரில் கரைந்த மை மாதிரி இருக்கும். 4கே என்றால் 3840க்கு 2160, மொத்தம் 83 லட்சம் புள்ளிகள். ஆனால் கேசட்டில் இல்லாததை டிவியால் எங்கிருந்து கொண்டுவர முடியும்?

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம். அவர் பார்ப்பது கேபிள் செட்டாப் பாக்ஸில் சாதாரண எஸ்டி சேனல்கள். அதில் எத்தனை கோடு தெரியுமா? அதே 576! தென்னை மர ஆன்டெனாவில் வந்த எண் இன்றைக்கும் டிஜிட்டலாக வந்துகொண்டிருக்கிறது. 2160 கோடு உள்ள திரையில் அதைப் போட்டால் ஒரு கோட்டை ஏறக்குறைய நான்காக இழுக்க வேண்டும்.

அடுத்தது தூரம். நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைத்தான் பிரித்துப் பார்க்கும். கணக்குப் போட்டேன். 32 இன்ச்சில் 1366க்கு 768 என்றால் ஆறடிக்கு அப்பால் புள்ளி தெரியாது. 43 இன்ச்சில் ஃபுல் ஹெச்டி, அதாவது 1920க்கு 1080 என்றால் ஐந்தரை அடி. 55 இன்ச்சில் ஃபுல் ஹெச்டிக்கு ஏழடி. அந்தத் தூரத்துக்கு உள்ளே உட்கார்ந்தால்தான் 4கேயின் கூடுதல் புள்ளிகளுக்கு வேலை. அம்மாவின் நாற்காலி சுவரோடு ஒட்டி, டிவியிலிருந்து பத்தடி. வயதோ 76, கண்ணாடி வேறு.

ஆக 43 இன்ச் ஃபுல் ஹெச்டி என்று முடிவு செய்தேன். மிச்சமான பணத்தில் ஹெச்டி பாக்ஸ், ஒரு வருட ஹெச்டி சந்தா. பெற்றோருக்கு டிவி வாங்கும் நண்பர்களுக்கு என் சிபாரிசும் இதுதான்: முதலில் உள்ளே என்ன வருகிறது என்று கேளுங்கள், பிறகு நாற்காலி தூரத்தை அளக்கச் சொல்லுங்கள், கடைசியாகத்தான் ரெசல்யூஷன். இணையத்தில் 4கே படம் பார்ப்பவர்கள், பக்கத்தில் உட்காருபவர்கள் தாராளமாக 4கே வாங்கலாம். பெரிய சைஸில் இப்போது அநேகமாக வேறு கிடைப்பதும் இல்லை.

டிசம்பரில் நேரில் போனேன். எதிர்வீட்டுப் பெண் ஷிப்ட் பஸ்ஸில் வந்து இறங்கினாள். எங்கே வேலை என்று கேட்டால் டிவி கம்பெனியாம்! எங்கள் மண்டலத்திலேயே விக்ருதமாலாவில் டிசிஎல்லின் பேனல் ஆலை. 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதே 2018இல்தான் டிக்சன் கம்பெனி ஷாவ்மிக்காகத் திருப்பதியில் டிவி செய்வதாக அறிவிப்பு வந்தது. திரையின் உயிரான கண்ணாடித் தகடு இன்னமும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, இங்கே அதற்கு விளக்கும் சட்டமும் கோத்துப் பேனலாக்குகிறார்கள். இருந்தாலும் சென்னைப் படத்தைப் பிடிக்கக் குழாயைத் திருப்பிய ஊரில் டிவித் திரை தயாராகிறது என்றால், அப்பா கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

அம்மாவின் பீரோவில் அசல் பால் கேசட் இருந்தது. பூஞ்சை பிடிக்காமல் துணியில் சுற்றி வைத்திருந்தார். திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து 720க்கு 576இல் பைலாக மாற்றி, பென்டிரைவில் போட்டு, புது டிவியில் சொருகினேன். டிவிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதே கரைந்த மைதான். பின்னால் நகர்ந்து அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அது முகமாகச் சேர்ந்தது. அப்பாவேதான்.

"சட்டைப் பையில என் கண்ணாடி இருக்கு பாரு. கூட்டத்துல தொலைச்சிடுவேன்னு அவரே வாங்கி வெச்சுக்கிட்டாரு" என்றார் அம்மா.

நான் உற்றுப் பார்த்தேன். சட்டைப் பையே எனக்குத் தெரியவில்லை.

"தெரியுதும்மா" என்றேன்.